உயிரியல் பூங்கா மருத்துவத்தில் மேல்பயிற்சி: போஸ்ட்மார்ட்டம் மேசையிலிருந்து தொடங்குங்கள்

நான்கு ஆண்டுகளாக நாய், பூனை, மாடுகளுக்கு வைத்தியம் பார்த்துவரும் இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: உயிரியல் பூங்கா விலங்குகளுக்கான மருத்துவத்தில் மேல்பயிற்சி பெற ஆசை, அதற்கு என்னென்ன வழிகள் உண்டு? விசாரித்த இடங்களில் எல்லாம் நோய்க்குறியியலையும், அதாவது இறந்த உடலையும் திசுவையும் ஆராய்ந்து நோயை அறியும் படிப்பையும், சேர்த்துப் படிக்கச் சொல்கிறார்கள். உயிரோடு இருக்கும் விலங்கைப் பார்க்கப் போகிறவருக்கு, செத்த விலங்கைப் பற்றிய படிப்பு எதற்கு?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால், எந்த வழியில் போவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரு நாய் உங்கள் மேசைக்கு வரும்போது அதைப் பற்றித் தெரிந்தவை ஏராளம். ரத்தத்தில் எது எவ்வளவு இருந்தால் இயல்பு, எந்த மருந்து எத்தனை மில்லிகிராம், எந்த வயதில் எந்த நோய் வரும் என்பதெல்லாம் ஆயிரக்கணக்கான நாய்களைப் பார்த்து எழுதி வைத்தவை. உயிரியல் பூங்காவில் காலையில் டாபிர் (பன்றி போன்ற தோற்றமுள்ள பெரிய தாவர உண்ணி) சாப்பிடவில்லை என்பார்கள். பதினொரு மணிக்கு இருவாட்சி ஒன்று கிளையை விட்டுத் தரையில் வந்து உட்கார்ந்திருக்கும். மதியம் ஓர் உடும்பின் தாடை வீங்கியிருக்கும். இந்த மூன்றுக்கும் சேர்த்துக்கூட, நாய்க்கு இருப்பதில் நூறில் ஒரு பங்கு தகவல் கிடைக்காது.

அதோடு, காட்டு விலங்கு நோயை மறைக்கும். நொண்டுகிற மானைத்தான் புலி முதலில் குறி வைக்கும் என்பதால், நொண்டாமல் நடப்பது அதன் ரத்தத்திலேயே ஊறியது. வெளியே அறிகுறி தெரியும்போது நோய் முற்றியிருக்கும். உங்கள் கைக்கு வருவதற்குள் இறந்துவிட்ட விலங்குகளும் நிறைய இருக்கும். அதனால் இந்த இனங்களுக்கு என்ன நோய் வரும், எந்த உறுப்பு முதலில் கெடும், நாம் கொடுத்த மருந்து உள்ளே என்ன செய்தது என்பதில் பெரும்பகுதியை இறந்த விலங்குகள்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. போஸ்ட்மார்ட்டம் மேசைதான் இந்தத் துறையின் பாடப்புத்தகம். இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை.

ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1999 கோடையில் நியூயார்க்கில் காகங்கள் செத்து விழத் தொடங்கின. அதே சமயம் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசு பரப்பும் செயின்ட் லூயி மூளையழற்சி என்று மனித மருத்துவத் தரப்பில் அறிவித்தார்கள். பறவைகள் சாவது வேறு கதை என்றே பலரும் நினைத்தார்கள். அந்நகரின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவின் நோய்க்குறியியல் தலைவராக இருந்த ட்ரேசி மெக்னமாரா மட்டும் அப்படி விட்டுவிடவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் அவருடைய பூங்காவிலேயே பூநாரை, நீர்க்காகம், ஃபெசன்ட் என்று பறவைகள் இறந்தன. திறந்து பார்த்தால் மூளையில் அழற்சி, இதயத் தசையில் சேதம். அவர் யோசித்த முறையைக் கவனியுங்கள். செயின்ட் லூயி வைரஸ் பறவைகளின் உடலில் இருக்கும், ஆனால் பொதுவாக அவற்றைக் கொல்லாது. ஆகவே அது இல்லை. குதிரைகளைத் தாக்கும் கிழக்கத்திய மூளையழற்சி வைரஸ் என்றால் ஈமுக்கள் முதலில் செத்திருக்க வேண்டும். பூங்காவின் ஈமுக்கள் நன்றாக இருந்தன. பறவைக் காய்ச்சல், ராணிக்கெட் நோய் என்றால் கோழிகள் போயிருக்கும். கோழிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் இது எல்லாரும் நினைக்கும் நோய் இல்லை என்று அவர் விடாமல் வாதாடி, மாதிரிகளை வெவ்வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பினார். அதுவரை மேற்கு அரைக்கோளத்தில் பார்க்கப்படாத வெஸ்ட் நைல் வைரஸ் அது என்று அந்த மாத இறுதிக்குள் தெரிந்தது. அந்த ஆண்டு நியூயார்க்கில் 7 பேர் அதனால் இறந்தார்கள்.

இதில் நுண்ணோக்கியின் பங்கு பாதிதான். எந்த இனம் எந்தக் கிருமிக்கு எப்படி வளைந்து கொடுக்கும் என்ற அறிவு மறுபாதி. பக்கத்துக் கூண்டில் ஈமு இன்று எப்படி இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதும் அதில் சேர்த்தி. சிகிச்சை பார்ப்பவரும் திசு பார்ப்பவரும் தனித்தனி கட்டடங்களில் முகம் பார்க்காமல் வேலை செய்தால் இப்படி ஒரு முடிவுக்கு வரவே முடியாது.

யானைக் குட்டிகளின் கதையும் இப்படித்தான். 1995-ல் வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் 16 மாத ஆசிய யானைக் குட்டி திடீரென்று இறந்தது. இதயம் முழுக்க ரத்தக்கசிவு. ரத்தக்குழாய்களின் உள்சுவர் செல்களுக்குள் வைரஸ் அடையாளங்களை லாரா ரிச்மன் என்ற நோய்க்குறியியலாளர் கண்டார். பழைய திசு மாதிரிகளைத் தேடி எடுத்துப் பார்த்தபோது அதே மாற்றம் வேறு குட்டிகளிலும் இருந்தது. 1999-ல் வெளிவந்த அந்த ஆய்வுதான் யானைகளின் ஹெர்பிஸ் வைரஸை உலகுக்குக் காட்டியது. இன்றைக்கு ஆசிய யானைக் குட்டி வளரும் நல்ல பூங்காக்களில் வாராவாரம் காதிலிருந்து ரத்தம் எடுத்து வைரஸ் அளவைப் பார்க்கிறார்கள். அளவு ஏறினால் குட்டி இன்னும் விளையாடிக்கொண்டிருக்கும்போதே வைரஸ் மருந்தும் பிளாஸ்மாவும் தருகிறார்கள். நாக்கு நீலமாகும் வரை காத்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. பிழைத்த ஒவ்வொரு குட்டிக்குப் பின்னாலும் முன்னால் இறந்த குட்டிகளின் ஸ்லைடுகள் (நுண்ணோக்கியில் பார்க்கக் கண்ணாடித் தகட்டில் வைத்த திசுச் சீவல்கள்) இருக்கின்றன.

சிவிங்கிப்புலிகளைப் பற்றி லிண்டா மன்சன் செய்த வேலையையும் தேடிப் படியுங்கள். அடைப்பில் வளர்ந்த சிவிங்கிப்புலிகள் இரைப்பை அழற்சி, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவற்றால் செத்துக்கொண்டிருந்தன. இரைப்பையில் ஹெலிகோபாக்டர் கிருமி இருந்தது, சரி. ஆனால் நமீபியாவின் காட்டுச் சிவிங்கிப்புலிகளின் இரைப்பையிலும் அதே வகைக் கிருமிகள் இருந்தன, அங்கே நோய் இல்லை. அப்படியென்றால் கிருமியை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. அடைப்பில் வாழும் விலங்கின் மன அழுத்தமும் வாழ்க்கை முறையும் கணக்கில் வந்தன. மருந்துச் சீட்டில் எழுத முடியாத காரணங்கள் இவை. இனப்பெருக்கத்தைத் தடுக்கப் புலி, சிங்கம் போன்றவற்றின் உடலில் பல ஆண்டுகள் பொருத்திவந்த ஒரு செயற்கை ஹார்மோன் குச்சி கருப்பைச் சுவரைத் தடிக்கவைத்து, கருப்பை, பால்சுரப்பிப் புற்றுநோய்களுக்கு வழிவிடுகிறது என்பதும் போஸ்ட்மார்ட்டம் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. ஒரே ஒரு பூங்காவின் மருத்துவர் தன்னிடமுள்ள இரண்டு புலிகளை வைத்து இதை ஒருநாளும் கண்டுபிடித்திருக்க முடியாது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியின் முதல் ஆண்டில், இடம் மாற்றுவதற்காக வலை வைத்துப் பிடித்த மான் ஒன்று நான்காம் நாள் இறந்தது. நுரையீரலில் நீர் கோத்திருந்ததைப் பார்த்ததும் நிமோனியா என்று எழுத நான் தயாராகிவிட்டேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பேனாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத் தொடையை அறுக்கச் சொன்னார். தசை வேகவைத்த இறைச்சி போல வெளிறிக் கிடந்தது. சிறுநீர்ப்பையில் இருந்தது டிக்காஷன் நிறத்தில் இருந்தது. துரத்திப் பிடித்ததில் தசை சிதைந்து, அந்தச் சிதைவின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துக் கொன்றிருக்கிறது. அதாவது அந்த மானைக் கொன்றது நாங்கள் அதைப் பிடித்த முறை. அதன்பின் வெயில் ஏறுவதற்கு முன்பு மட்டுமே பிடிப்பது, சில நிமிடத்துக்குள் சிக்காவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுவது, கண்ணைக் கட்டிச் சத்தமில்லாமல் கையாள்வது என்று முறையை மாற்றினோம். நிமோனியா என்று எழுதியிருந்தால் அடுத்த மானுக்கு ஆன்டிபயாடிக் போட்டுவிட்டு அதே மாதிரி துரத்தியிருப்போம். இத்தனை வருடம் கழித்தும் அந்தத் தொடைத்தசையின் நிறம் எனக்கு மறக்கவில்லை.

சரி, இப்போது பயிற்சியில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று பார்ப்போம்.

மிகுந்த நேரம் எடுப்பது மயக்கவியல். நாயின் வாயைத் திறந்து பார்ப்பதற்கு உங்களுக்குக் கை போதும், சிறுத்தைக்கு மயக்க மருந்து வேண்டும். நீங்கள் செய்யும் பெரும்பாலான பரிசோதனைகளுக்கு முன்னால் ஒரு மயக்கம் இருக்கும், அதுவும் எடை சரியாகத் தெரியாத, முன்கூட்டி ரத்தம் பார்க்க முடியாத, இருபது மீட்டர் தள்ளி நிற்கும் விலங்குக்கு. ஊதுகுழல், ஊசித் துப்பாக்கி, ஊசியின் நீளம், எந்தத் தசையில் எந்தக் கோணத்தில் என்பதிலிருந்து தொடங்குவார்கள். காண்டாமிருகம், யானை போன்றவற்றுக்குப் பயன்படும் எட்டார்ஃபின், மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியமானது. தவறி ஒரு துளி உங்கள் உடலில் ஏறினால் மூச்சு நின்றுவிடும். அதனால் மருந்தைக் குப்பியிலிருந்து எடுப்பதற்கு முன்பே முறிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அதை உங்களுக்குப் போடத் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தனியாக இந்த மருந்தைத் தொடவே கூடாது. அப்புறம் ஒட்டகச்சிவிங்கி. அது விழும் விதத்திலேயே கழுத்து முறியலாம். விழுந்தபின் இரைப்பையிலிருந்து மேலே வருவது மூச்சுக்குழாயில் போகாமல், தலையை உயர்த்தி மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடிக்க ஆட்கள் வேண்டும். கழுத்தை நேராக வைத்துத் தசை இறுகாமல் நீவிவிட வேண்டும். மயக்கம் கொடுப்பது ஒருவர் வேலை இல்லை, ஒரு குழுவின் ஒத்திகை என்பதை முதல் ஒட்டகச்சிவிங்கியிலேயே புரிந்துகொள்வீர்கள்.

அடுத்தது மருந்தின் அளவு. ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று சின்ன விலங்கின் அளவை எடுத்துப் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு எல்லா வகுப்பிலும் சொல்லும் உதாரணம் டஸ்கோ. 1962 ஆகஸ்டில் ஒக்லஹோமா நகரப் பூங்காவில் இருந்த இந்த ஆண் யானைக்கு, மதம் பிடிப்பதை ஆராய்கிறோம் என்று 297 மில்லிகிராம் எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தை ஊசியாகப் போட்டார்கள். சில நிமிடத்தில் விழுந்தது, இரண்டு மணி நேரத்துக்குள் இறந்தது. பிறகு அதற்குக் கொடுத்த மற்ற மருந்துகளுக்கும் அந்தச் சாவில் பங்கு உண்டா என்ற விவாதம் இன்றும் உண்டு. ஆனால் உடல் பெரிதாகப் பெரிதாக ஒரு கிலோ திசுவின் வளர்சிதை வேகம் குறைகிறது, அதனால் எடைக்கு எடை பெருக்குவது தவறு என்ற பாடம் உறுதி. ஆமைக்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைக் கொடுத்தால் வாதம் வந்து இறக்கக்கூடும். பல விலங்குகளுக்குப் பாதுகாப்பான குடற்புழு மருந்தான ஃபென்பெண்டசோல் புறா, நாரை வகைகளில் எலும்பு மஜ்ஜையையும் குடல் சுவரையும் அழிக்கும். கழுகினங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணி, அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்ததை 2004-ல் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானில் நிரூபித்தார்கள். அவர்களுக்குத் துப்பு கொடுத்ததும் போஸ்ட்மார்ட்டம்தான். உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது.

தடுப்பூசியிலும் இதே எச்சரிக்கை. 1970-களின் தொடக்கத்தில், அழிவின் விளிம்பில் இருந்த கருங்கால் ஃபெரட்கள் (கீரி போன்ற தோற்றமுள்ள சிறு ஊனுண்ணிகள்) ஆறைப் பிடித்து வளர்த்தார்கள். நாய்களையும் ஃபெரட்களையும் கொல்லும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வராமல் இருக்க, வளர்ப்பு ஃபெரட்களுக்குப் பாதுகாப்பாக இருந்த உயிருள்ள தடுப்பூசியைப் போட்டார்கள். ஆறில் நான்கு அந்தத் தடுப்பூசியாலேயே டிஸ்டெம்பர் வந்து இறந்தன. நெருங்கிய உறவினம் என்பதால் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்பக் கூடாது. சிவப்புப் பாண்டா போன்ற இனங்களுக்கு இன்று உயிருள்ள டிஸ்டெம்பர் வைரஸ் இல்லாத தடுப்பூசியைத்தான் தேடுகிறோம்.

உணவியல், தனிமைப்படுத்தல் விதிகள், ஒட்டுண்ணிக் கட்டுப்பாடு, இனப்பெருக்கத் திட்டம் எல்லாம் பாடத்தில் வரும், அவற்றை இங்கே விரிக்கவில்லை. இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, பராமரிப்பாளர்களோடு பழகுவது. கொரில்லா தானே வந்து கம்பியோரம் மார்பைக் காட்டி நிற்க, மயக்கமே இல்லாமல் இதய ஸ்கேன் எடுக்கிறார்கள். வளர்ந்த ஆண் கொரில்லாக்கள் பல இதயத் தசையில் நார்த்திசு பெருகி இறுகுவதால் இறப்பது தெரிந்த பிறகுதான் இந்தப் பழக்கம் இவ்வளவு பரவியது. அதைச் சாத்தியமாக்குவது பராமரிப்பாளரின் பல மாதப் பொறுமை. ஒரு விலங்கு இன்று சரியில்லை என்று முதலில் சொல்பவரும் அவர்தான், அவர் சொல்லைத் தட்டாதீர்கள். இன்னொன்று, பதிவேடு. 1973-ல் தொடங்கி இன்று ஸ்பீசீஸ்360 என்ற பெயரில் இயங்கும் அமைப்பின் தரவுத்தளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூங்காக்களும் மீன்காட்சியகங்களும் பதிவு செய்கின்றன. ஓர் இனத்தின் இயல்பான ரத்த அளவு, எந்த மயக்க மருந்து எப்படி வேலை செய்தது என்பதையெல்லாம் அங்கிருந்து பார்க்கலாம். நீங்கள் இன்று ஒழுங்காகப் பதிவதுதான் நாளை இன்னொருவருக்கு வழிகாட்டி.

இனி வழிகள். சிகிச்சைப் பக்கம் போக விரும்பினால், பட்டத்துக்குப் பின் ஓராண்டு பொது இன்டர்ன்ஷிப், முடிந்தால் இன்னும் ஓராண்டு காட்டு விலங்கு அல்லது பூங்கா சார்ந்த இன்டர்ன்ஷிப், அதன்பின் மூன்றாண்டு ரெசிடென்சி (வல்லுநர்களின் மேற்பார்வையில் வேலை செய்தபடியே பெறும் சிறப்புப் பயிற்சி), கடைசியில் வல்லுநர் தேர்வு என்பது வழக்கமான பாதை. 1983-ல் அமைந்த அமெரிக்க விலங்கியல் மருத்துவக் கல்லூரி இந்தத் தேர்வை நடத்துகிறது. கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அது கட்டடம் இல்லை, வல்லுநர்களின் அமைப்பு. தேர்வு எழுத ரெசிடென்சியோ நீண்ட கால அனுபவமோ வேண்டும், கூடவே நீங்கள் முதல் ஆசிரியராக எழுதிய ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். பாலூட்டி, பறவை, ஊர்வன, இருவாழ்வி, மீன் என்று எல்லாவற்றிலும் கேட்பார்கள். ஐரோப்பிய அமைப்பு 1993-ல் பறவை மருத்துவத்துக்காகத் தொடங்கிப் பிறகு விரிந்தது. அங்கே பறவை, ஊர்வன, சிறு பாலூட்டி, காட்டு விலங்குக் கூட்டங்களின் நலம், பூங்கா நல மேலாண்மை என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஒரே துறையில் ஆழமாகப் போக நினைப்பவர்களுக்கு ஐரோப்பிய முறை பொருந்தும் என்பது என் கருத்து. எல்லா இடத்திலும் ரெசிடென்சி இடங்கள் மிகக் குறைவு, விண்ணப்பிப்பவர்கள் மிக அதிகம். முதல் முறை கிடைக்காதது உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நோய்க்குறியியல் பக்கம் போனால், உடற்கூறு நோய்க்குறியியலில் மூன்றாண்டு ரெசிடென்சி, பிறகு தேர்வு. அமெரிக்க அமைப்பு 1949-லிருந்தும் ஐரோப்பிய அமைப்பு 1995-லிருந்தும் உள்ளன. பெரும்பாலான ரெசிடென்சிகள் நாய், பூனை, பண்ணை விலங்குகளை மையமாகக் கொண்டவை. பூங்கா விலங்குகளுக்கென்று தனிப் பயிற்சி தரும் இடங்கள் சிலவே. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் நோய்க்குறியியல் திட்டம் சிகாகோ வட்டாரப் பூங்காக்களோடும் மீன்காட்சியகத்தோடும் சேர்ந்து இயங்குகிறது. சான் டியாகோ பூங்காவுக்குச் சொந்தமாகவே வலுவான நோய்க்குறியியல் பிரிவு உண்டு. ஸ்லைடு பார்ப்பதில் உங்களுக்கு உண்மையான ஆசை இருந்தால் இந்தப் பாதையைத் தயங்காமல் எடுங்கள். உலகம் முழுக்க இந்தத் துறையில் ஆள் போதவில்லை என்பதை வேலை செய்யும் எல்லாரும் உணர்கிறோம்.

ஐந்தாறு ஆண்டுகளை ஒதுக்க முடியாதவர்களுக்கு ஓராண்டு முதுநிலைப் படிப்பு நல்ல நுழைவாயில். லண்டன் விலங்கியல் சங்கமும் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 1994-லிருந்து நடத்தும் காட்டு விலங்கு நலப் படிப்பு அதில் பெயர் பெற்றது. நீர்வாழ் விலங்குகளுக்கு 1977-ல் தொடங்கிய அக்வாவெட் போன்ற குறுகிய கோடைப் பயிற்சிகள் உண்டு. மயக்கவியலுக்கென்றே ஜிம்பாப்வேயில் காட்டு விலங்குகளைப் பிடிக்கும் பயிற்சி ஒன்று நடக்கிறது. குறுகிய பயிற்சி உங்களை வல்லுநராக்காது, ஆனால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பதைச் செலவு கூடுவதற்கு முன்பே காட்டிவிடும்.

இடம் கிடைக்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. இப்போது நீங்கள் பார்க்கும் மாடும் நாயும் இறந்தால், உரிமையாளர் சம்மதித்தால், திறந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய்யுங்கள். சந்தேகப்பட்ட உறுப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள், சாதாரணமாகத் தெரியும் உறுப்பிலும் துண்டு எடுங்கள். திசுத் துண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். அதைப் போல் பத்து மடங்கு கொள்ளளவு 10 சதவீத ஃபார்மலின் வேண்டும். இல்லாவிட்டால் நடுப்பகுதி அழுகிவிடும். இறந்த விலங்கைக் குளிரூட்டி வைக்கலாம், ஃப்ரீசரில் உறைய வைத்தால் செல்கள் உடைந்து ஸ்லைடு பயனில்லாமல் போகும். வைரஸ் தேட வேண்டிய துண்டுகளைத் தனியாக உறைய வையுங்கள். பார்த்ததை விவரியுங்கள், பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். "கல்லீரலில் காசநோய் போன்ற புள்ளிகள்" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. "கல்லீரலின் எல்லாப் பகுதியிலும் 2 மில்லிமீட்டர் அளவில் வெளிர்மஞ்சள் புள்ளிகள், வெட்டினால் உள்ளேயும் தொடர்கின்றன" என்று எழுதினால் ஸ்லைடு பார்ப்பவருக்கு அது தங்கம். அமெரிக்காவின் கூட்டு நோய்க்குறியியல் மையம் நடத்தும் புதன்கிழமை ஸ்லைடு கருத்தரங்கின் கேஸ்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாரம் ஒன்றை, விடையைப் பார்க்காமல் நீங்களே விவரித்துப் பழகுங்கள். எந்த நேர்முகத்துக்கும் இதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியாது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆர்வத்தில் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். தாவர உண்ணி திடீரென்று இறந்து, மூக்கு, ஆசனவாய் வழியாக உறையாத ரத்தம் வடிந்தால் திறக்காதீர்கள். முதலில் காதிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்து அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) இல்லை என்று உறுதி செய்யுங்கள். மக்காக் குரங்குகளில் அநேகமாகத் தொந்தரவே தராத ஒரு ஹெர்பிஸ் வைரஸ் மனிதனுக்கு ஏறினால் உயிரையே வாங்கும், ஆகவே குரங்கு என்றால் முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் மேசைக்குப் போகக் கூடாது. யானைக்குக் காசநோய் மனிதர்களிடமிருந்து வரும், திரும்ப மனிதர்களுக்கும் வரும். கருணைக்கொலைக்குப் பென்டோபார்பிட்டல் போட்ட உடலை வேறு எந்த விலங்கும் தின்ன விடாதீர்கள், தின்றால் அதுவும் சாகக்கூடும்.

பூங்காவில் நீங்கள் திறக்கப்போவது பெரும்பாலும் நீங்களே சிகிச்சை கொடுத்த விலங்கைத்தான் என்பதையும் முன்னமே தெரிந்துகொள்ளுங்கள். அதை வளர்த்தவர் வெளியே அழுதுகொண்டிருப்பார். முடித்ததும் கையைக் கழுவிவிட்டு நேரே அவரிடம் போய், என்ன பார்த்தீர்கள் என்று புரியும் மொழியில் சொல்லுங்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் இது எழுதியிருக்காது, ஆனால் அடுத்த விலங்கு லேசாகச் சோர்ந்தாலும் அவர் உங்களைத் தேடி வருவார்.

பயிற்சி இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது புகழை மட்டும் பார்க்காதீர்கள். நேர்முகத்தில் அவர்கள் உங்களைக் கேட்டு முடித்ததும் நீங்கள் சிலவற்றைக் கேளுங்கள். இறக்கும் விலங்குகளில் எத்தனை பங்கு போஸ்ட்மார்ட்டம் ஆகிறது? ரெசிடென்ட் அதில் கத்தி பிடிக்கிறாரா, ஓரமாக நிற்கிறாரா? ஸ்லைடை யார் பார்க்கிறார், சிகிச்சை மருத்துவரும் அவரும் ஒரே அறையில் உட்கார்ந்து கேஸ் பேசுவது வாரத்துக்கு ஒரு முறையாவது நடக்கிறதா? கடந்த ஆண்டு ஒரு போஸ்ட்மார்ட்டம் முடிவால் அவர்கள் மாற்றிய நடைமுறை ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். யோசிக்காமல் உடனே ஒன்றைச் சொல்கிறார்கள் என்றால், சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அங்கேயே சேருங்கள்.